கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது

மார்ச் 3, திங்கள்

நாட்டின் வளர்ச்சி ஏழு புள்ளி எட்டு சதவீதமாம். பேப்பரின் முதல் பக்கத்தில் அமைச்சர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை விரித்துப் போட்டுத்தான் என் வீட்டுக்காரர் காலையில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கணக்கெடுப்பின் புதுச் சுற்று இன்று தொடங்கியது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "புள்ளிவிவரத் துறை" என்பேன். பெரிய இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?" என்று கேட்பதுதான் அந்தப் பெரிய இடம். ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம். செய்திருந்தால் வேலையில் இருப்பவர். கூலியே வாங்காமல் சொந்தக்காரர் கடையில் உட்கார்ந்திருந்தாலும் வேலையில் இருப்பவர். இந்த விதியை எழுதியவர் யாரோ, அவர் வீட்டில் நிச்சயம் ஒரு மச்சினன் சும்மா இருந்திருக்க வேண்டும்.

முதல் வீட்டில் இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடமான ஒரு பிள்ளை. மாமாவின் ஜெராக்ஸ் கடையில், மாமா சாப்பிடப் போகும்போது உட்காருவானாம். சம்பளம் கிடையாது. மாமா ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பியதும் இவன் எழுந்துவிட வேண்டும். விதிப்படி, வேலையில் இருப்பவன் என்று டேப்லெட்டில் பதிந்தேன். அவன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அப்ப எங்க பையனுக்கு வேலை கெடச்சிருச்சாம்மா?"

"அரசாங்கக் கணக்குல கெடச்சிருச்சும்மா."

"ஆர்டர் எப்ப வரும்?"

நான் செருப்பைத் தேடினேன்.

வேலை இல்லை என்பவர்களிடம் மட்டும் இன்னும் இரண்டு கேள்வி உண்டு. வேலை தேடினீர்களா? வேலை கிடைத்தால் செய்யத் தயாரா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். என் பைக்குள் வேலை இருக்கிறது என்று நினைப்பு. அந்த ஒரு நொடி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் ஆறு பேரும் வைத்திருக்கும் பெயர் சதவீதம். "இன்னிக்கு டீ நேத்தைவிட இருபது சதவீதம் நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடிய மனிதர். இன்று மீட்டிங்கில் சொன்னார்: மார்ச் 31-ல் எல்லாருடைய ஒப்பந்தமும் முடிகிறது, ஆறு பேரில் நான்கு பேருக்குத்தான் நீட்டிப்பு. "அதாவது அறுபத்தாறு சதவீதம் பேர் பாதுகாப்பா இருக்கீங்க," என்று ஆறுதல் வேறு.

ஆறு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பயத்தைப் பட்டுப் பட்டுப் பழகியிருந்தேன். இந்த முறை பழக்கம் உதவவில்லை. வீட்டில் சம்பளம் வாங்குவது இப்போது நான் ஒருத்திதான். இது போனால்?

மார்ச் 5, புதன்

ஒன்பது வீட்டில் மனிதர்கள் பதில் சொன்னார்கள். இரண்டு வீட்டில் நாய்.

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருமுனைத் தண்ணீர் கேன் கடையில் ஆள் வரவில்லையாம். கடைக்காரர் கெஞ்சியதால் காலையில் இரண்டு மணி நேரம் மாடிப்படிகளில் கேன் தூக்கிக் கொடுத்திருக்கிறார். கையில் ஏதோ திணித்தாராம்.

"வேலைக்குப் போய்ட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

"இது ஒரு வேலையா? தெரிஞ்ச மனுஷன், கை குடுத்தேன்," என்று முறைத்தார்.

முறைக்கத்தான் செய்வார். பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினேழு வருடம் இருந்தவர். ஐந்து மாதத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதற்கு ஆறு கை, வாய் கிடையாது. நூற்று நாற்பது பேர் நின்ற இடத்தில் இப்போது பதினொரு பேர் நிற்கிறார்கள், அவர்களும் மெஷினுக்குத் துடைத்துவிடுவதற்கு. உற்பத்தி இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று முதலாளி பேப்பரில் பேட்டி கொடுத்தார். அந்த ஏழு புள்ளி எட்டில் ஏதோ ஒரு புள்ளி அவருடையதாக இருக்கும். வெளியே அனுப்பியவர்களுக்கெல்லாம் நன்றிக் கடிதத்தோடு ஆளுக்கு மூன்று பெட்டி கிரீம் பிஸ்கட். பரணில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது. வீட்டில் எவரும் தொடுவதில்லை, எறும்பு உட்பட.

சொந்தக்காரர்களிடம் இவர் "லீவில்" இருக்கிறார். ஐந்து மாத லீவு. இவ்வளவு நல்ல கம்பெனியா என்று என் அண்ணி வியந்துபோகிறார்.

மார்ச் 10, திங்கள்

இந்த வாரம் கேட்க வேண்டிய மாதிரி வீடுகளின் பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் எங்கள் தெரு. அதில் எங்கள் கட்டடம். அதில் மாடியில் இடதுபக்கம். அதாவது நான்.

கணக்கெடுப்பவர் தன் வீட்டைக் கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. சதவீதத்திடம் போய்ச் சொன்னேன்.

"ஆள் இல்ல மேடம். நீங்களே முடிச்சிடுங்க. வழி தெரியும்ல?"

ஒருமுறை மாதிரியில் விழுந்த வீட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு எங்கள் வீடு நாட்டின் சொத்து. வியாழக்கிழமை முடித்துவிடுவதாகக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

சர்வர் வேலை செய்யவில்லை. நாடே வளரும்போது அது மட்டும் ஏன் வேலை செய்யவேண்டும்? நாளைக்கு.

மார்ச் 14, வெள்ளி

என் வீட்டைக் கணக்கெடுத்த கதை.

இவர் குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சமையலறையிலிருந்து டேப்லெட்டோடு வந்தேன். எழுந்து நின்று, "வாங்க மேடம், உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் பொருளாதாரம் படிக்கிறாள். "களப்பணியை நேர்ல பாக்கறேம்மா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பெயர், வயது நாற்பத்தேழு, படிப்பு, எல்லாம் முடிந்தது. கேள்வியை எழுதியிருப்பதுபோலவே வாசிக்க வேண்டும். வாசித்தேன்.

"கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?"

"இல்லை." தொண்டையைக் கனைத்துவிட்டு, ஏதோ பதவி ஏற்பவர்போலச் சொன்னார்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "போன வியாழக்கிழமை கேன் தூக்குனீங்களே?"

"அது கணக்குல வராது."

"வரும்ங்க. ரெண்டு மணி நேரம். காசும் வாங்கியிருக்கீங்க."

"பதினேழு வருஷம் பஞ்ச் அடிச்சிட்டு உள்ள போனேனே, அதுக்குப் பேருதான் வேலை. இது வேலையா? நீயே சொல்லு."

"நான் சொல்றதுக்கு இதுல எடமே இல்லீங்க. விதி அப்படி." வேலையில் இருப்பவர் என்று அழுத்திவிட்டேன். அழுத்தியதும் ஒரு சின்னச் சத்தம் வரும், சந்தோஷமான சத்தம். அதை ஊமையாக்க மறந்துவிட்டேன்.

இவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். பிறகுதான் பேச்சு வந்தது.

"உங்க அண்ணிகிட்ட லீவுன்னு சொல்றோம். பக்கத்து வீட்ல பிசினஸ் பண்ணப் போறதா சொல்றோம். பொண்ணு காலேஜ் ஃபாரத்துல இன்னும் கம்பெனி பேரத்தான் போடுறோம். எனக்கு வேலை இல்லன்னு ஒரே ஒரு எடத்துல உள்ளத உள்ளபடி எழுதுவாங்கன்னு நெனச்சேன். அதுவும் நீ எழுதப்போறன்னு... சட்டையெல்லாம் போட்டு உக்காந்தேன் பாரு."

உள்ளே போய்விட்டார். மகள் என்னைப் பார்த்த பார்வையில் களப்பணி மீது அவளுக்கு இருந்த மதிப்பெல்லாம் போய்விட்டது தெரிந்தது.

மார்ச் 15, சனி

பேச்சு இல்லை. என்னைக் கண்டதும் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். விதியைக் கட்டிக்கொண்டு அழு என்று அர்த்தம்.

மார்ச் 16, ஞாயிறு

மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அறையைச் சுற்றிச் சுற்றி நடந்து உருப்போட்டாள். "வளர்ச்சி ஏற்பட்டால் உற்பத்தி பெருகும். உற்பத்தி பெருகினால் வேலைவாய்ப்பு பெருகும். வேலைவாய்ப்பு பெருகினால்..."

"எந்த ஃபேக்டரிலம்மா?" என்றார் இவர், பால்கனியிலிருந்து. இரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"புக்ல அப்படித்தான்ப்பா இருக்கு."

"புக்கு எழுதினவரைக் கொஞ்சம் பரணைப் பாத்துட்டுப் போகச் சொல்லு."

அவள் பரீட்சைத் தேதியை வட்டம் போட காலண்டரை எடுத்துக் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை கேட்பதாக இருந்தவள் சர்வரால் வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன். கணக்கு எப்போதும் கேட்கும் நாளுக்கு முந்தைய ஏழு நாள். பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு, ஏழு. முடிந்துவிட்டது. கேன் தூக்கியது ஆறாம் தேதி. எட்டாவது நாள்! ஆறு வருடத்தில் இப்படி ஒரு தப்பை வேறு எந்த வீட்டிலும் செய்ததில்லை.

"ஏங்க! உங்களுக்கு வேலை இல்லைங்க!" என்று கத்திக்கொண்டே பால்கனிக்கு ஓடினேன்.

"நெசமாவா?"

"விதிப்படியே இல்லைங்க!"

துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உலகத்துலேயே இதுக்குக் கைகுலுக்குற குடும்பம் நாமதான்," என்றாள் மகள். படிவம் நாளைக்குத்தான் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அதனால் மிச்சக் கேள்விகளையும் கேட்க வேண்டியதாயிற்று.

"வேலை தேடினீர்களா?"

"தேடினேன். ரெண்டு கம்பெனி. வயசைக் கேட்டுட்டு, வாசல்ல இருந்த வாட்ச்மேனே அனுப்பிட்டான்."

"வேலை கிடைத்தால் செய்யத் தயாரா?"

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்ற வீடுகளில் உட்காருவதுபோலவே.

"தயார்," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அழுத்தினேன்.

அப்புறம் பேச்சை மாற்ற இன்னொன்று சொன்னேன். எங்கள் கணக்கில் மாதிரி ஆள் தனி ஆள் இல்லை. எல்லா வீட்டையும் தட்ட முடியாது என்பதால், தட்டிய வீட்டில் இருப்பவர் தட்டாத வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறார். இவர் கிட்டத்தட்ட இரண்டாயிரத்து முந்நூறு பேருக்குச் சமம். சொன்னது தப்பாகப் போயிற்று. சாயங்காலம் முழுக்க, "ரெண்டாயிரத்து முந்நூறு பேரும் குளிக்கப் போறோம், துண்டு எடு" என்று ஒரே அலப்பறை.

மார்ச் 18, செவ்வாய்

சதவீதம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், உங்க ஏரியாவுல வேலையின்மை எறங்கவே மாட்டேங்குது. அடுத்த வாரம் அமைச்சர் பேட்டி. வளர்ச்சி ஏழு புள்ளி எட்டு வந்திருக்கு, வேலையும் வந்துதானே ஆகணும்? இல்லன்னா ரெண்டு நம்பரும் ஒண்ணையொண்ணு பாத்துச் சிரிக்காதா?"

சிரிக்கட்டுமே, நாட்டில் யாராவது சிரிக்க வேண்டாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒப்பந்தம் நினைவுக்கு வந்து விழுங்கினேன்.

"உங்க வீட்டுப் படிவத்தையே பாத்தேன். ஏழு நாள்ல ஒரு மணி நேரம்கூடவா மனுஷன் எதுவும் செய்யல? செடி வச்சு வித்தது, கித்தது?"

"ரெண்டு தொட்டி இருக்கு சார். ரெண்டும் காஞ்சிபோச்சு."

"யோசிச்சுப் பாருங்க. வேலைவாய்ப்பைக் கணக்கெடுக்கிறவங்க வீட்லயே வேலை இல்லன்னா, பாக்க நல்லாவா இருக்கு? தலைமை அலுவலகத்துலேருந்து வியாழக்கிழமை அவருக்கு ஃபோன் வரும், சரிபாக்க. பேசி வைங்க." பிறகு, கிளம்பும்போது, ரொம்ப சாதாரணமாக: "நீட்டிப்பு லிஸ்ட் டைப் ஆயிட்டிருக்கு."

மிரட்டலைக்கூட இவ்வளவு மரியாதையாகச் செய்யும் துறை வேறு எங்காவது இருக்குமா?

மார்ச் 19, புதன்

இவரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் விட்டுக்கொடுத்துவிடுவார், எனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி எழுத ஒரு இடம் கேட்டார் மனுஷன். அதைக் கொடுத்துவிட்டு நானே எப்படிப் பிடுங்குவது? போனால் போகட்டும் வேலை.

போனால் போகட்டுமா? மகள் கல்லூரி? வாடகை? எழுதும்போது வருகிற வீரம், பேனாவை மூடியதும் எங்கேதான் போகிறதோ.

மார்ச் 20, வியாழன்

பதினொன்றரை மணிக்கு ஃபோன் வந்தது. நான் மதியம் வேறு தெருவுக்குப் போக வேண்டியிருந்ததால் வீட்டில்தான் இருந்தேன். இவர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், அவசரத்தில் இருந்தது.

"சார், மார்ச் ஏழிலேருந்து பதின்மூணு வரைக்கும் நீங்க எந்த வேலையும் செய்யலன்னு பதிவாகியிருக்கு. சரிதானா?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லம்மா, அது தப்பு. எனக்குச் சொந்தத் தொழில். தண்ணி சப்ளை. தினமும் பண்றேன். என் வீட்டம்மாவுக்கு என் தொழில்னா இளக்காரம், அதான் சரியா எழுதல."

"எத்தனை மணி நேரம் சார்?"

"எட்டு. சில நாள் பத்து. நல்லா போகுதும்மா. வளர்ச்சிதான்."

வைத்துவிட்டார். கையிலிருந்த துணியை அவர் மேலேயே வீசினேன்.

"உங்கள யாரு பொய் சொல்லச் சொன்னது? நான் சொன்னேனா? நான் வாயே தொறக்கலியே!"

"உன் சதவீதம் நேத்தே எனக்கு ஃபோன் பண்ணாரு. நல்ல மனுஷன். ரொம்பப் பணிவாப் பேசுறாரு." துணியை எடுத்து அவரே மடித்தார். "வீட்ல ஒருத்தருக்காவது வேலை இருக்கட்டும். விடு."

அழுதேன். மதியம் முகம் கழுவிக்கொண்டு போய் ஏழு வீட்டில் கேட்டேன், ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது என்று. எல்லாரும் ஏதாவது செய்திருந்தார்கள். விட்டுவைக்குமா விதி?

மார்ச் 21, வெள்ளி

படிவம் திருத்தப்பட்டது: சுயதொழில், தண்ணீர் விநியோகம். நேற்று காலை பதினொன்றரைக்கும் பதினொன்று முப்பத்தைந்துக்கும் நடுவில் இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. எந்தத் தொழிற்சாலையாலும் இந்த வேகத்தில் முடியாது. பாவம், அவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

டிவியில் அமைச்சர். வேலையின்மை குறைந்துவிட்டதாம், குறிப்பாகச் சுயதொழிலில் மக்கள் அலைகடலெனத் திரண்டிருக்கிறார்களாம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

"அதுல நான் இருக்கேன்," என்றார் மகளிடம், கல்யாண வீடியோவில் தன் தலையைக் காட்டுவதுபோல.

மார்ச் 31, திங்கள்

நீட்டிப்பு கிடைத்தது. ஜூன் 30 வரை. போனவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி என்னோடு சேர்ந்தவள், தன் ஏரியாவில் ஒரு எண்ணைக்கூட மாற்றமாட்டேன் என்று நின்றவள். வாசலில் என் கையைப் பிடித்து, "நல்லவேளை உனக்காவது கெடச்சுதே" என்றாள். மூன்று மாதத்துக்கு விலை இரண்டாயிரத்து முந்நூறு பேரும் ஒரு சிநேகிதியும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

"நான் சொன்ன பொய்யை உண்மையாக்கிட்டு வரேன்" என்று இவர் கேன் கடைக்குப் போனார். அரைமணியில் திரும்பினார்.

கடைக்காரருக்கு வியாபாரம் இரண்டு மடங்காம். அதனால் லிஃப்ட் வைத்த கட்டடங்களாகப் பார்த்துப் பிடித்து, ஒரு பேட்டரி வண்டியும் வாங்கிவிட்டாராம். "இப்ப ஒரே ஆள் போதும்ண்ணே. அன்னிக்கு நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன்" என்று டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"பெரிய கம்பெனியோ சின்னக் கடையோ," என்றார் இவர், "வளந்தா மொதல்ல என்னத்தான் கழட்டி விடுறானுங்க. எனக்கு ஏதாச்சும் ராசி இருக்கும்போல."

ஏப்ரல் 9, புதன்

பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஒரு பாக்கெட் பிரித்து டீயில் தோய்த்துத் தின்றார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். எனக்கு அது என்னவோ போல இருந்தது.

ஜூன் 5, வியாழன்

மகளுக்கு மார்க் வந்துவிட்டது. வளர்ச்சியும் வேலைவாய்ப்பும் கேள்விக்கு முழு மார்க். புத்தகத்தில் இருந்ததை வரி பிசகாமல் எழுதியிருக்கிறாள். "அப்பாவைப் பத்தி ஒரு பாரா எழுதலாம்னு பாத்தேம்மா. மார்க் போயிடும்னு விட்டுட்டேன்," என்றாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

அலுவலகத்தில் மீட்டிங். சதவீதம் புதுச் சட்டையில். "நம்ம துறையும் வளர்ச்சிப் பாதைக்கு வந்துருச்சு," என்று ஆரம்பித்தார். இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை தானாகவே பையை இறுக்கிப் பிடித்தது. அடுத்த சுற்றிலிருந்து மாதிரி வீடுகள் இரண்டு மடங்கு. யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. பதிவு செய்த குரல் ஃபோனில் கேட்கும், மக்கள் பட்டனை அழுத்துவார்கள்.

"நாங்க நாலு பேரும் சார்?"

"உங்களுக்கு அலைச்சல் இல்ல. நூறு சதவீதம்."

சதவீதத்துக்குப் பதவி உயர்வு. ஃபோனை மேற்பார்வை பார்ப்பாராம்.

ஜூன் 20, வெள்ளி

குரல் வேண்டுமாம். நாலு பேரில் என் உச்சரிப்புதான் தெளிவாம். ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு, ஒரு மைக். ஆறு வருடம் வாசித்த கேள்விகளைக் கடைசியாக ஒருமுறை வாசித்தேன். என் இடத்தில் உட்காரப்போகிற மெஷினுக்கு நானே தொண்டை தானம்.

எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. ஒரு வரிக்குத்தான் தகராறு. யாராவது தப்பான பட்டனை அழுத்தினாலோ, எதுவும் அழுத்தாவிட்டாலோ சொல்ல வேண்டியது: "உங்கள் பதில் பதிவாகவில்லை." சதவீதத்துக்குத் திருப்தி வரவேயில்லை.

"கண்டிக்கிற மாதிரி இருக்கு மேடம். பாவம், ஜனங்க. இன்னும் கொஞ்சம் கனிவா."

நான்காவது தடவை, வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற நாளை நினைத்துக்கொண்டு வாசித்தேன். "அதான்! அதான் வேணும்!" என்று கைதட்டினார்.

ஜூன் 30, திங்கள்

டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். என் குரலை எடுத்துக்கொண்டதற்கு எவரும் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை.

அண்ணி ஃபோன் செய்தார். நானும் லீவில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

பத்து மணிக்கு என் ஃபோன் அடித்தது. எங்கள் மாதிரி வீட்டுக்குத் தள்ளிப்போன இரண்டாவது தடவை, இந்த முறை பதில் சொல்ல வேண்டியது நான். எடுத்தேன்.

"வணக்கம். இது வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு." நான். நான்தான்.

மகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அம்மா, உனக்கு நீயே ஃபோன் பண்றே!" இவரும் பால்கனியிலிருந்து வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

விரல் விட்டு எண்ணினேன். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு. ஏழு நாளும் சமைத்தேன், துவைத்தேன், பரணைத் துடைத்தேன், மாவாட்டினேன். அதெல்லாம் கணக்கில் வராது. ஆறு வருடம் எத்தனை பெண்களிடம் "வீட்டு வேலை இல்லீங்க, வேற வேலை" என்று விளக்கியிருப்பேன். அவர்களும் எனக்காக மறுபடி யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டுவார்கள்.

"இந்தத் தடவ உண்மையைச் சொல்லு," என்றார் இவர். "காப்பாத்துறதுக்கு வீட்ல வேற வேலை எதுவும் பாக்கி இல்ல."

இரண்டை அழுத்தினேன். அந்தச் சந்தோஷச் சத்தம் வரவில்லை.

"வேலை தேடினீர்களா?" ஒன்று. தேடினேனே. ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறை, ஒரு பள்ளிக்கூட அலுவலகம். இரண்டு இடத்திலும் வயதைக் கேட்டார்கள்.

"வேலை கிடைத்தால் செய்யத் தயாரா?"

என் குரல்தான். நானே வாசித்த கேள்வி. அந்தப் பக்கம் வேலையும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு பஞ்சுச் சுவர்தான் இருந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் முதுகு தானாக நிமிர்ந்தது. மகளும் இவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பட்டன் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

"தயார்," என்றேன், ஃபோனைப் பார்த்து.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உங்கள் பதில் பதிவாகவில்லை."

கனிவாகத்தான் சொன்னேன்.